கையைக் காத்தால் கம்பு நிற்கும்

சிலம்பக் களத்தில் புதிதாகக் கம்பு பிடிக்கும் பிள்ளையின் கண் எதிராளியின் தலையைத்தான் தேடும். பழகிய ஆட்டக்காரரின் கண் கீழே இருக்கும். மணிக்கட்டு, விரல், முழங்கால், கணுக்கால் என்று அது மேய்ந்துகொண்டிருக்கும். கம்பை ஓங்கி வருபவனை மடக்க அவன் மண்டையை உடைக்க வேண்டியதில்லை. கம்பைப் பிடித்திருக்கும் கையில் சரியாக ஒரு தட்டு விழுந்தால் கம்பு தானாகக் கீழே விழும். அதோடு சண்டை முடிந்தது.

கை கால்களைக் குறிவைத்து அடிக்கும் இந்த உத்தி சிலம்பத்துக்கு மட்டும் உரியதல்ல. குத்துச்சண்டையிலும் வாள்வீச்சிலும் உண்டு. ஜப்பானிலும் தாய்லாந்திலும் உண்டு. களத்துக்கு வெளியே சாதியும் இதே உத்தியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் பள்ளித் திடல்களில் கம்பு சுற்றும் பிள்ளைகள் இந்த இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

கை ஏன் முதல் குறி?

காரணம் மிக எளிது. எதிராளியின் உடலில் நமக்கு மிக அருகில் இருப்பது அவர் கைதான். தலையை அடிக்க வேண்டுமானால் அவருடைய கம்பு வீச்சுக்குள் நாம் நுழைய வேண்டும். கையை அடிக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு முழம் பின்னால் நின்றே தொட்டுவிடலாம். அடித்த கையோடு விலகியும் விடலாம். உயரம் குறைந்தவருக்கும் எடை குறைந்தவருக்கும் இது பெரிய வசதி. உடல் பலத்தில் ஈடுகொடுக்க முடியாத ஆளைக்கூட தூரத்தை அளந்து ஆடினால் சமாளிக்கலாம்.

இரண்டாவது காரணம் எலும்பு. ஒரு கையில், மணிக்கட்டில் இருந்து விரல் நுனி வரை 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. எல்லாம் சிறியவை, மேலே சதைப் பாதுகாப்பும் குறைவு. முதுகிலோ தொடையிலோ விழும் அடியைத் தாங்கிக்கொண்டு ஆடலாம். விரல் கணுவில் விழும் அடியைத் தாங்கிக்கொண்டு கம்பைப் பிடிக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பும் அப்படித்தான். தோலுக்கு அடியில் உடனே எலும்பு. கட்டில் காலில் இடித்துக்கொண்டவர்களுக்கு அந்த வலி தெரியும்.

மூன்றாவது காரணம் நரம்பு. முழங்கையின் உள்பக்கத்தில் தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே தட்டினால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் விறுவிறுக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் சுற்றிச் செல்லும் நரம்பில் அடிபட்டால் பாதம் மரத்துப்போகும். நம் வர்ம ஆசான்கள் உடலில் 108 வர்மங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. உயிருக்கு ஆபத்தான இடங்களைப் படுவர்மத்தில் வைத்தார்கள். எங்கே அடித்தால் ஆள் செயலிழப்பார், எங்கே அடித்தால் ஆளே போய்விடுவார் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அதில் இருக்கிறது.

சிலம்பத்தின் தொடுமுறைப் போட்டியில் எதிராளியின் உடலைக் கம்பால் தொட்டால் புள்ளி. முன்பெல்லாம் கம்பு நுனியில் வண்ணப்பொடி தடவி, யார் உடலில் எத்தனை தடம் விழுந்திருக்கிறது என்று எண்ணி வெற்றி தோல்வி சொல்லும் வழக்கமும் இருந்தது. எந்த இடத்தைத் தொட்டால் எத்தனை புள்ளி, எந்த இடத்தைத் தொடவே கூடாது என்பது போட்டியை நடத்தும் அமைப்பின் விதியைப் பொறுத்து மாறும். விதி எதுவானாலும் ஒன்று மாறாது. இருவர் கையிலும் கம்பு இருக்கும். நடுவர் இருப்பார். கம்பு விழுந்தபின் அடி விழாது.

குத்துச்சண்டையில் கையை அடித்தால்

குத்துச்சண்டை விதிப்படி கையில் விழும் குத்துக்குப் புள்ளி கிடையாது. கையுறையின் முட்டிப் பகுதியால், முகத்திலோ தலையின் பக்கவாட்டிலோ, இடுப்புக்கு மேல் உடலின் முன்பகுதியிலோ குத்தினால்தான் கணக்கில் வரும். அப்படியிருந்தும் கையைக் குத்தும் வீரர்கள் உண்டு. எதிராளி இரு கைகளையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டால், அந்தக் கைகளையே தொடர்ந்து குத்துவார்கள். புஜமும் தோளும் வலித்து, சில சுற்றுகளில் கை தானாகக் கீழே இறங்கும். அப்போது முகம் திறக்கும்.

இதற்குப் பேர்பெற்ற ஆட்டம் 1953 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கில் நடந்தது. உலக ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவை ரோலண்ட் லா ஸ்டார்சா எதிர்கொண்டார். லா ஸ்டார்சா தற்காப்பில் கெட்டிக்காரர். மார்சியானோ அவர் கைகளையே இடித்துக்கொண்டிருந்தார். கைகளின் ரத்தக்குழாய்கள் சிதைந்து, பாதுகாப்பு சரிந்து, 11-வது சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டது.

இந்த உத்திக்கு எதிரான பாடமும் உண்டு. 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் முகமது அலி, தன்னைவிட இளையவரான ஜார்ஜ் ஃபோர்மேனைச் சந்தித்தார். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு கைகளால் உடலை மறைத்துக்கொண்டார். ஃபோர்மேன் அந்தக் கைகளையும் விலாவையும் குத்திக் குத்திக் களைத்துப் போனார். 8-வது சுற்றில் அலி அவரை வீழ்த்தினார். கையை அடிப்பவனுக்கும் செலவு உண்டு. அடி விழும் கை தாக்குப்பிடித்தால், அடிப்பவன்தான் தளர்வான்.

அதே அலிக்கு 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் வேறு அனுபவம். ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியுடன் 15 சுற்றுகள் காட்சிப்போட்டி. இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் படுத்துக்கொண்டு அலியின் கால்களையே உதைத்தார். அலியின் குத்து படுத்திருப்பவருக்கு எட்டவில்லை. ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டது. அலியின் கால்கள் வீங்கி ரத்தம் கட்டி, சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. உலகத்தின் மிக வேகமான கால்கள் என்று பேர் வாங்கியவை அவை. காலை எடுத்துவிட்டால் கை பாதியாகிவிடும் என்பதற்கு அந்த ஆட்டம் சாட்சி.

வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை நம் மாணவர்கள் 2021-ல் வந்த பா.இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தில் பார்த்திருப்பார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து மோதிக்கொண்ட அந்தக் களங்களில் துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் தலித்துகளும் இஸ்லாமியர்களும் நின்றார்கள். உழைத்து உரமேறிய கைக்கு ஊரறிந்த மரியாதை கிடைத்த இடம் அது.

மற்ற களங்களிலும் கை கால்தான் குறி. ஜப்பானின் கெண்டோ என்ற கம்புவாள் விளையாட்டில் புள்ளி தரும் இடங்கள் நான்கு: தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை. தாய்லாந்தின் முவாய்தாயில் தொடையில் விழும் உதை எதிராளியின் நடையையே குலைத்துவிடும். வாள்வீச்சில் எப்பே பிரிவில் தலை முதல் கால் விரல் வரை எங்கு தொட்டாலும் புள்ளி. சேபர் பிரிவில் இடுப்புக்கு மேல் மட்டும்தான். அதில் தலையும் கைத்தண்டும் சேரும். அந்தச் சேபர் பிரிவில்தான் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, வாள்வீச்சில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியரானார்.

களத்துக்கு வெளியே கை

இனி இந்தப் பக்கத்துக்கு உரிய செய்திக்கு வருவோம்.

மகாபாரதத்தில் ஏகலைவன் கதை எல்லோரும் கேட்டதுதான். வேடர் குலத்துப் பிள்ளை. துரோணர் கற்றுக்கொடுக்க மறுத்தார். அவன் தானே பயின்று வில்லில் அர்ச்சுனனுக்குச் சமமாக வந்தான். துரோணர் அவனைச் சண்டைக்கு அழைக்கவில்லை. அவன் வலக்கைப் பெருவிரலைத் தட்சணையாகக் கேட்டார். வில்லாளியை வெல்ல அவன் உயிர் தேவையில்லை, ஒரு விரல் போதும் என்பது குருவுக்குத் தெரிந்திருந்தது. சிலம்ப ஆசான் சொல்லும் அதே பாடம்தான். ஆனால் இங்கே எதிரில் நின்றவனுக்குத் தற்காத்துக்கொள்ள வாய்ப்பே தரப்படவில்லை. குருபக்தி என்ற பெயரில் அவனே அறுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

கதையில் இருந்ததைச் சட்டமாக எழுதியது மனுஸ்மிருதி. அதன் 8-வது அத்தியாயத்தில், கடைசிக் குலத்தில் பிறந்தவன் மேல் குலத்தானை எந்த உறுப்பால் தாக்குகிறானோ அந்த உறுப்பையே வெட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. கையை ஓங்கினாலும் கம்பை ஓங்கினாலும் கையை வெட்டுவது, கோபத்தில் காலால் உதைத்தால் காலை வெட்டுவது என்று அடுத்த வரி விவரிக்கிறது. அடித்தால்தான் தண்டனை என்றில்லை, ஓங்கினாலே தண்டனை. அதுவும் பிறப்பைப் பார்த்துத் தண்டனை. அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாட்டில் மனுஸ்மிருதியை எரிக்கும் போராட்டத்தை நடத்தியதற்கு இப்படிப்பட்ட விதிகள்தான் காரணம்.

எரித்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆனாலும் அந்த வரி சிலர் மனதில் அப்படியே இருக்கிறது.

2023 ஆகஸ்ட் மாதம் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த தலித் மாணவர், அவர் பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. கைகளில் அரிவாள் விழுந்தது. பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு அந்த மாணவர் பொதுத்தேர்வு எழுதி, 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார்.

2025 பிப்ரவரியில் நம் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில், மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிவந்த தலித் கல்லூரி மாணவரின் கைகளில் வெட்டு விழுந்தது. 'நீ எப்படி இந்த வண்டி ஓட்டலாம்' என்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். அடுத்த மாதமே தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுத பேருந்தில் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 தலித் மாணவரை இறக்கி, இடக்கை விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். நெல்லை அரசு மருத்துவமனையில் விரல்கள் ஒட்ட வைக்கப்பட்டன.

மூன்று நிகழ்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் நன்றாகப் படித்தவர். ஒருவர் நல்ல வண்டி ஓட்டியவர். ஒருவர் கபடியில் வென்றவர். பேனா பிடிக்கும் கை, கைப்பிடி பிடிக்கும் கை, எதிராளியைப் பிடிக்கும் கை. தாக்கியவர்கள் எந்த ஆசானிடமும் பயிலாதவர்களாக இருக்கலாம். எந்த உறுப்பைக் குறிவைக்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

களத்தில் கையை அடிப்பது, எதிராளி உயிரோடும் உறுப்போடும் வீடு திரும்பட்டும் என்பதற்காக. அரிவாள் கையைத் தேடுவது, அந்தக் கை இனி எழவே கூடாது என்பதற்காக. ஒரே இலக்கு, நேர் எதிரான நோக்கம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல் கம்பு மட்டும் சொல்லித் தந்தால் பாடம் பாதிதான்.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பிறகு, பள்ளி கல்லூரி மாணவர்களிடையே சாதி வேறுபாட்டைக் களைய அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் கட்டும் கயிற்றில் தொடங்குவதுதான் கையை வெட்டுவதில் போய் முடிகிறது.

கம்பு மறுக்கப்பட்டவர்கள்

1936-ல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் ஒரு கேள்வி கேட்கிறார். மற்ற நாடுகளில் சமூகப் புரட்சிகள் நடந்திருக்க, இந்தியாவில் ஏன் நடக்கவில்லை? அடித்தட்டு மக்களுக்கு ஆயுதமும் கல்வியும் மறுக்கப்பட்டன. நால்வருண முறை அவர்களைக் கை முடமாக்கி வைத்தது என்பதே அவர் தரும் விளக்கத்தின் சாரம். அவர் ஆயுதத்தோடு கல்வியைச் சேர்த்தே பேசுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு மகாராஷ்டிரத்தில் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. லகுஜி ராகோஜி சால்வே, 1794-ல் தீண்டப்படாத மாங்கு சமூகத்தில் பிறந்தவர். புனேயில் பயிற்சிக்கூடம் வைத்து மல்யுத்தமும் கம்பும் வாளும் கற்றுக்கொடுத்தார். 'வஸ்தாத்', அதாவது ஆசான் என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். சாதி பார்க்காமல் இளைஞர்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜோதிராவ் பூலே. பின்னாளில் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்கும் தீண்டப்படாதோருக்கும் பள்ளி தொடங்கி, எதிர்ப்பைச் சந்தித்தபோது லகுஜி துணை நின்றார். அந்தப் பள்ளியில் படித்த மாங்கு சமூகத்துச் சிறுமி முக்தா சால்வே, 1855-ல் தன் 14-வது வயதில், மாங்கு, மகர் மக்களின் துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தலித் பெண் எழுத்தின் தொடக்கங்களில் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. கம்பு பிடித்த கை காவல் நின்றது. பேனா பிடித்த கை எழுதியது.

நம் ஊர்களிலும் கம்பு பலருடைய கையில் இருந்திருக்கிறது. காவல் காத்தவர்கள், தலையாரிகள், வயல் காத்தவர்கள், பறையடித்துத் திருவிழாவை நடத்தியவர்கள் என்று உழைக்கும் மக்களின் பிடியில் சிலம்பம் வளர்ந்தது. ஆனால் திருவிழாவில் கோயில் முன் யார் சிலம்பம் ஆடலாம், முதல் கம்பு யார் எடுக்கலாம் என்பது சில ஊர்களில் இன்னமும் சாதி முடிவு செய்யும் விஷயமாக இருக்கிறது. நம் மாவட்டத்தின் இறையூரில் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழையவும், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை ஒழியவும், 2022 டிசம்பரில் அன்றைய ஆட்சியர் கவிதா ராமு நேரில் வர வேண்டியிருந்தது. கோயில் திடலில் இடம் கிடைக்கும்வரை கலை காத்திருக்க முடியாது. அதனால்தான் பள்ளித் திடல் முக்கியமாகிறது. அங்கே வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும், கம்பு எடுக்கலாம்.

சட்டம் சொல்லும் அளவு

கம்பு கற்கும் பிள்ளைகள் சட்டத்தையும் கொஞ்சம் கற்க வேண்டும். தன் உடலையும் அடுத்தவர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 34 முதல் 44 வரை இதைப் பற்றியவை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. அதற்கு ஓர் எல்லை உண்டு. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல் துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமையைக் கையில் எடுக்கக் கூடாது.

ஓங்கிய கையைத் தட்டி ஆயுதத்தை விழ வைத்துவிட்டு விலகும் சிலம்ப முறை, இந்த எல்லைக்குள் அடங்கி நிற்கக் கூடியது. ஆயுதம் விழுந்த பிறகும் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. இன்னொன்று: எலும்பு முறிவு, அது சுண்டுவிரல் எலும்பாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். வேண்டுமென்றே கொடுங்காயம் செய்தால் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். விளையாட்டாகக் கற்ற வித்தையைத் தெருச் சண்டையில் காட்டும் பிள்ளை, தன் படிப்பையும் வேலை வாய்ப்பையும் பணயம் வைக்கிறது.

இதே சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் துணை. சாதி வன்மத்தால் தலித் ஒருவர் தாக்கப்பட்டால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவு செய்யக் கோரலாம். காவல் துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் அதை விசாரிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். காயத்தால் உறுப்பு செயலிழந்தால், இழப்பின் சதவீதத்தைப் பொறுத்துத் தீருதவித் தொகை உண்டு. அதனால் அரசு மருத்துவமனையில் பதிவாகும் விபத்துப் பதிவேட்டு நகலும், எக்ஸ்ரேயும், ஊனச் சான்றும் பத்திரமாக இருக்க வேண்டும். வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566.

அரிவாள் வெட்டில் விரலோ கையோ துண்டானால், துண்டான பகுதியைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேரடியாகச் சதையில் படக்கூடாது. காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நேரம் ஆக ஆக ஒட்டவைக்கும் வாய்ப்பு குறையும்.

நம் பிள்ளைகளுக்கு என்ன வழி?

சிலம்பம் இன்று வெறும் திருவிழா ஆட்டமில்லை. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குச் சிலம்பம் இருக்கிறது. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் சிலம்பம் சேர்க்கப்பட்டிருக்கிறது. கந்தர்வகோட்டையிலோ கறம்பக்குடியிலோ ஆவுடையார்கோவிலிலோ உள்ள ஒரு காலனிப் பிள்ளை, பெரிய மைதானமோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல், ஒரு கம்போடு தொடங்கக்கூடிய விளையாட்டு இது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போட்டி அறிவிப்புகளைக் கேட்டு வையுங்கள். பங்கேற்ற ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் பள்ளிச் சான்றுகளோடு சேர்த்து வையுங்கள். எந்த அமைப்பு நடத்தும் போட்டியின் சான்று அரசு வேலைக்குச் செல்லும் என்பதைச் சேர்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் கை காலைக் காப்பது முதல் பாடமாக இருக்கட்டும். கம்பைப் பிடிக்கும்போது பெருவிரலைக் கம்பின் மேல் நீட்டி வைத்தால் முதல் அடி அங்கேதான் விழும். மடக்கிப் பிடிக்க வேண்டும். எதிராளியின் அடியைத் தடுக்கும்போது அவர் கம்பு நம் கம்பின் மேல் வழுக்கி விரலுக்கு வரும். தடுத்த கணமே கையை நகர்த்தப் பழக வேண்டும். குறியான காலை முதலில் பின்வாங்க வேண்டும். அதற்காகத்தான் ஆசான்கள் கம்பு தருவதற்கு முன் பல நாள் காலடி மட்டும் போட வைக்கிறார்கள். சண்டைப் பயிற்சிக்குக் கையுறையும் முழங்கால் காப்பும் தலைக்கவசமும் கட்டாயம் இருக்கட்டும். விரல் வீங்கினால் உருவிவிட்டு, இழுத்துக் கட்டி நாளைக் கடத்தாதீர்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகில் உள்ள அரசு மருத்துவமனையிலோ எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். தவறாகக் கூடிய விரல் எலும்பு கம்பையும் கெடுக்கும், கையெழுத்தையும் கெடுக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில், இந்த மாவட்டத்தின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். வயல் வேலைக்குப் போனவர்களும் கல்குவாரியில் உடைத்தவர்களும் அவர்களில் உண்டு. கேலி பேசியவர்கள் இருந்தார்கள். சில மாதங்களில் கேலி ஓய்ந்தது, சைக்கிள் ஓடியது. இன்று அவர்களின் பேத்திகள் கம்பு கேட்கிறார்கள். எடை குறைந்தவர் எடை கூடியவரை எட்ட நின்று மடக்கும் இந்த வித்தை அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும். பெற்றோர் தடுக்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு கோரிக்கை. பயிற்சியில் ஜோடி சேர்க்கும்போது, காலனிப் பிள்ளையையும் ஊர்ப் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்துங்கள். களத்தில் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் தொட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அதே கையைப் பிடித்து வணக்கம் சொல்ல வேண்டும். யார் கை யார் மேல் படலாம் என்று ஊர் போட்டு வைத்திருக்கும் கணக்கு, அந்தத் திடலில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பாகிக்கொண்டே வரும். கம்பால் தொட்டும் கையால் பற்றியும் பழகிய இரண்டு பிள்ளைகள் நாளை அரிவாளோடு ஒருவரை ஒருவர் தேடிப் போவது அவ்வளவு எளிதில் நடக்காது.

கம்பு பிடிக்கும் பிள்ளை காலையில் திடலுக்குப் போகட்டும். பத்து மணிக்கு வகுப்பில் இருக்கட்டும். இரண்டு இடத்திலும் அதே கைதான் வேலை செய்கிறது. அந்தக் கையைப் பத்திரமாக வைத்திருப்பது பிள்ளையின் வேலை மட்டுமல்ல. பள்ளிக்கும் ஊருக்கும் காவல் நிலையத்துக்கும் அதில் பங்கு உண்டு.